பேரும் ஊரும்: நுவரெலியா மாவட்டத்து மக்கள்



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே மாலை வேளையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்களின் பேச்சைச் சற்றுக் கவனித்தால், பிற இடத்துத் தமிழருக்கு விளங்காத ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். “அக்கா, இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?” என்று ஒருத்தி கேட்பாள். “அரைப்பேருதான் தங்கச்சி. இந்த வரட்சியில கொழுந்து எங்க கெடக்கு?” என்று மற்றவள் விடை கூறுவாள். இங்கே பேர் என்பது ஒருவரை அழைக்கும் பெயரன்று. ஒரு நாட் சம்பளம். காலையிலே பிரட்டுக்களத்தில் ஆளைப் பார்த்து, மாலையிலே கொழுந்தின் நிறையைப் பார்த்து, கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்திலே பேரைப் பதிந்தால் ஒரு பேர். தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

எண்ணப்படுவதையே கூலியாகக் கொண்ட மக்கள் இவர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, நாள்தோறும், ஞாயிறும் பெருநாளும் நீங்கலாக, இலங்கையிலே இவர்களைப்போல் தலைக்கணக்கு எடுக்கப்பட்டவர் வேறெவருமிலர். பேர் அவர்களுக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. ஊர் கிடைப்பதுதான் அரிதாயிற்று.

நுவரெலியா மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களுள் ஒன்று. பரப்பளவு 1,741 சதுர கிலோமீற்றர். நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை, 2,524 மீற்றர் உயரத்தோடு, இதன் நடுவே நிற்கிறது. மகாவலி கங்கைக்கும் களனி கங்கைக்கும் தலைநீர் இம்மலைகளிலிருந்தே செல்கின்றது. பட்டினம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில: நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை. கடைத்தெருவும் பஸ் தரிப்பிடமும் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் அடங்கிவிடும் சிறு பட்டினங்கள் பல. மற்றவை யாவும் கிராமமும் தோட்டமுமே.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏழு இலட்சத்துப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் ‘இந்தியத் தமிழர்’ என்ற தலைப்பின்கீழ் எண்ணப்பட்டனர். ஏறத்தாழ 40 பேர் சிங்களவர். எஞ்சியோர் இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் பிறரும். அக்கணக்கின்படி இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் பெரும்பான்மையாக இருந்த மாவட்டம் இலங்கையில் இஃதொன்றே. அம்மக்கள் தம்மை ‘மலையகத் தமிழர்’ என்றே சொல்லிக்கொள்கின்றனர். கணக்கெடுப்பவர் இட்ட பெயருக்கும், எண்ணப்படுபவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயருக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் கடக்கவே அவர்களுக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின.

மாவட்டத்தை மேற்பார்வையாகப் பார்ப்பவர் எங்கும் தேயிலை என்று எண்ணிவிடுவர். அது பிழை. ஹங்குராங்கெத்தை, வலப்பனை, கொத்மலை ஆகிய பகுதிகளிலே மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஊற்று நீரை வாய்க்காலில் இறக்கி, நெல் விளைவிக்கும் கண்டிச் சிங்களக் கிராமங்கள் தொன்றுதொட்டு உள்ளன. ஹங்குராங்கெத்தை கண்டி மன்னர்க்கு இடுக்கண் வந்தபோது புகலிடமாயிருந்த ஊர். அக்கிராமத்தார்க்கு வயலும் வீட்டுத் தோட்டமும் தாழ்நிலத்திலே. மேலேயிருந்த காடோ விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் உரியது. அதற்கு உறுதியோ ஓலையோ எவரும் வைத்திருக்கவில்லை. வைத்திருக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்ததும், உறுதி காட்டமுடியாத நிலமெல்லாம் அரசாங்கத்துக்குரியது என்றாயிற்று. மேட்டு நிலம் துரைமாரின் கைக்கு மாறியது. கிராமம் கீழே ஒடுங்கிற்று. தோட்டம் மேலே விரிந்தது. ஒருவரின் காட்டையிழந்த கிராமத்தானும், தன் ஊரையிழந்து வந்த தொழிலாளியும் ஒரே மலையின் இரு படிகளிலே குடியிருந்தும், நெடுங்காலம் ஒருவரையொருவர் அறியாதவராகவே வாழ்ந்தனர். தமது இழப்புக்கு மற்றவரே காரணம் என்று இரு சாராரும் எண்ணிக்கொண்டதும் உண்டு. உண்மையில் இரு இழப்புக்கும் காரணம் ஒன்றே.

தோட்டத்து மக்கள் வந்த வரலாறு கோப்பியோடு தொடங்குகிறது. 1820களிலே கம்பளைப் பக்கத்தில் முதல் கோப்பித் தோட்டங்கள் உண்டாயின. தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து, கங்காணிமார் ஆள் சேர்த்து வந்தனர். கடலைத் தோணியிற் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வரவேண்டியிருந்தது. வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர்க்குக் கணக்கில்லை. ஆயினும் கோப்பிக் காலத்திலே வந்தவருட் பெரும்பாலார் திரும்பிச் சென்றனர். கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அது முடிந்ததும் ஊர் திரும்பி நெல்லறுப்புக்குப் போய்விடலாம்.

1869இல் கோப்பி இலையிலே ஒரு துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியிற் சொல்லிவிடும். ஆனால் இம்மாவட்டத்துச் சனத்தொகையின் இரகசியம் முழுவதும் அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருக்கிறது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏழு நாளைக்கொருமுறை, எட்டு நாளைக்கொருமுறை ஒவ்வொரு மலையையும் சுற்றிவந்து கொழுந்தெடுத்தாக வேண்டும். தாமதித்தால் இலை முற்றிவிடும். ஆகவே திரும்பிச் செல்லும் ஆள் தேயிலைக்குப் பயன்படான். நின்று வாழும் குடும்பம் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண் வேண்டும். கவ்வாத்து வெட்டவும் முள்ளுக் குத்தவும் ஆண் வேண்டும். நாளைக்கு அவர்களுடைய இடத்தை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும். 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டிற்று. அடுத்த ஆண்டு நானுஓயாவை. தேயிலைப் பெட்டி கீழே போன அதே பாதையிலே குடும்பங்கள் மேலே வந்தன. வந்தவர் நிலைத்தனர். நிலைக்கவேண்டும் என்று எவரும் கேட்டுக்கொண்டதில்லை. நிலைக்காதிருக்க வழி இருந்ததில்லை என்பதே பொருத்தம்.

வழியை அடைத்தது ‘துண்டு’. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தத் தொகையைச் செலுத்தி எடுத்துக்கொள்ளும் துரை எவரோ, அவருடைய தோட்டத்துக்கே அவன் போகலாம். மனிதனும் அவனுடைய கடனும் ஒரே காகிதத்திலே கைமாறினர். 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. கடன் ஒழிந்ததா என்று கேட்டால், அது வேறு கதை.

குடும்பங்கள் குடியிருக்க எழுந்தவையே லயங்கள். ஒரு நீண்ட கூரையின்கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அறையைக் காம்பரா என்பர், பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே இஸ்தோப்பு, பக்கத்திலே பீலித் தண்ணீர். மகனுக்குத் திருமணமானால் இஸ்தோப்பை அடைத்து மறைப்புக் கட்டுவார்கள். பேரன் பிறந்தால் பாட்டி அடுப்படியிலே படுப்பாள். அடுத்த காம்பராவிலே இருமினால் இங்கே கேட்கும். அங்கே சண்டை நடந்தால் இங்கே பிள்ளை விழிக்கும். நெருக்கத்தினால் வந்த சச்சரவுகள் ஏராளம். அதே நெருக்கத்தினால் ஓர் ஒப்பற்ற வழக்கமும் வந்தது. ஒரு காம்பராவிலே அடுப்பெரியவில்லை என்றால் லயம் முழுவதும் அறியும். அறிந்தபின் சும்மா இராது. துக்கம் நேர்ந்த வீட்டுக்கு அயற்காம்பராக்களே சோறு சமைத்துக் கொடுக்கும். பிள்ளைக்காம்பராவிலே குழந்தையை விட்டு மலைக்குப் போகும் தாய்க்கு, மாலையிலே அதை எடுத்து வைத்திருக்க யாராவது ஒரு கிழவி எப்போதும் உண்டு.

இனி ஊர் என்ற சொல்லுக்கு வருவோம். முதற் தலைமுறையாரிடம் “உங்க ஊரு எது?” என்று கேட்டால், துறையூர், முசிறி, நாமக்கல் என்று கடலுக்கப்பாலுள்ள பெயர் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டாம் தலைமுறையும் அப்படியே சொல்லிற்று, அந்த ஊரைக் கண்ணால் காணாதிருந்தும். தோட்டம் ஊராகவில்லை. அது துரையினுடைய இடம். தோட்டங்களின் பெயர்களே அதைச் சொல்லும்: பல்மோரல், ஹோலிறூட், வேவர்லி, சோமர்செற். துரைமார் தங்கள் நாட்டு மலைகளையும் மாளிகைகளையும் நினைத்து ஏங்கி இட்ட பெயர்கள் அவை. பூண்டுலோயாப் பக்கத்திலே டன்சினன் என்றொரு தோட்டம் உண்டு. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே காடே நடந்து வந்து சூழும் குன்றின் பெயர் அது. கலைப் பட்டத்துக்கு அந்நாடகத்தைப் படித்துவிட்டு மலைநாட்டுக்கு வரும் ஆசிரியர்கள், டன்சினன் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு ஒரு கணம் திகைத்து நிற்பதுண்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கோ அது வெறும் ‘டன்சினன்’. மக்பெத்தும் இல்லை, ஸ்கொத்லாந்தும் இல்லை. ஆக, ஒரே மலையிலே துரையும் தன் ஊரை நினைத்தான். தொழிலாளியும் தன் ஊரை நினைத்தான். துரைக்குப் பென்சனும் கப்பல் டிக்கற்றும் இருந்தன.

ஆனாலும் ஊர் இல்லாத இடத்திலே ஊரை உண்டாக்கும் வேலையை மக்கள் தாமே செய்துகொண்டார்கள். தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. முதலிலே மரத்தடியில் ஒரு கல். பின்னர்த் தகரக் கூரை. பின்னர்ச் சம்பளத்திலே பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒரு கோபுரம். ஆண்டுத் திருவிழாவுக்குக் கொடியேறினால், திருமணமாகிப் பிற தோட்டம் போன பெண்கள் யாவரும் பிறந்த லயத்துக்கு வருவர். கரகம் பாலித்தலும் தீமிதித்தலும் நடைபெறும்.

எல்லாவற்றிலும் தனிச்சிறப்பு வாய்ந்தது காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலே தோட்டத்தின் பொதுவிடத்தில் காமன் ஊன்றுவர். அன்று தொடங்கிப் பல இரவுகள் தப்பு முழங்கும். பகலிலே கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவிலே வில் பிடிக்கும். மன்மதனும் ரதியும் லயத்து வாசல்தோறும் ஆடி வருவர். ரதி வேடமும் ஆணே புனைவான். வேடம் வெறும் வேடமன்று, நேர்த்தி. விரதமிருந்து ஆடவேண்டும். சில குடும்பங்களிலே தந்தை ஆடிய வேடத்தை மகன் ஏற்பான். இறுதி இரவிலே சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். ரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பலைக் கேட்டு விடியும்வரை அழுதிருக்கும் பெண்களைப் பார்த்தவர், அவர்கள் ரதிக்காக மட்டும் அழவில்லை என்பதை அறிவர். தோட்டத்து வாழ்விலே வாய்விட்டு அழ ஓர் இரவு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு புராணக் கதை உதவிற்று. பிறகு மன்மதன் உயிர்பெற்றெழுகிறான். காலையிலே பிரட்டு. தமிழ்நாட்டிலே பல இடங்களில் அருகிவிட்ட இக்கூத்து, மலைநாட்டிலே இன்னும் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கொழியாது நிற்கின்றது.

மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையிலே இன்னொரு பொதுவிடம் உண்டு. சிவனொளிபாதமலை. மார்கழிப் பூரணையிலிருந்து வெசாக் வரை, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து மலையேறும் சிங்கள யாத்திரிகர் தொகை பெரிது. அந்த வழி முழுவதும் தமிழ்த் தோட்டங்களினூடே செல்கிறது. பௌத்தர்க்கு ஸ்ரீபாதம், சைவர்க்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் ஆதாம் மலை. மலை ஒன்றே. கிராமத்தவரும் தோட்டத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் முதலிற் கண்டது இந்த யாத்திரைப் பருவத்துத் தேநீர்க் கடைகளிலும், நுவரெலியாவின் மரக்கறிச் சந்தையிலுமே. இன்று வெல்லவாயக்காரனுக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் லீக்ஸும் கரட்டும் அனுப்பும் மரக்கறித் தோட்டங்களிலே இருமொழியும் சரளமாகப் பேசும் தலைமுறை ஒன்று உருவாகியிருப்பதை மறுக்கவியலாது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளிலே மலைநாட்டு லயங்கள் எரிந்ததையும், அஞ்சிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியதையும் அத்தலைமுறை கேட்டறிந்தே வளர்ந்திருக்கிறது.

சனத்தொகை என்றவுடன் அரசியலும் வந்துவிடுகிறது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா என்னும் தொகுதிகள் அவற்றுள் அடங்கும். தலவாக்கலையிலே வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்த கவிஞர். அடுத்த ஆண்டு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாருமோ இலங்கையிலே பிறந்தனர் என்று காட்டவேண்டும் என்றது சட்டம். லயத்திலே பிறந்த பாட்டனுக்குப் பிறப்பத்தாட்சி எங்கிருந்து வரும்? செக்ரோலிலே பேர் இருந்தது. அதைச் சட்டம் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அந்தத் தொகுதிகளிலிருந்து அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடச் செல்லவில்லை. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் செ. தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றது 1977இலேதான். முப்பது ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் பெரும்பகுதி மக்கள் சனத்தொகைக் கணக்கிலே இருந்தனர். வாக்காளர் இடாப்பிலே இல்லை. தொகுதிக்கு எத்தனை பேர் என்று பிரிக்கும்போது அவர்களுடைய தலைகளும் எண்ணப்பட்டன என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. தலை அவர்களது, ஆசனம் பிறரது.

பின்னர் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கிடும் ஒப்பந்தம் அது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்று ஏற்பாடு. 1974இல் அதையும் இரு பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எண்கள் இவ்வளவு வட்டமாக இருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். மனிதரை எண்ணினால் இப்படி முழு ஆயிரங்களாக வருவதில்லை. முதலில் எண்ணைத் தீர்மானித்து, அதன்பின் அதற்குரிய மனிதரைத் தேடினார்கள். ஒரே காம்பராவிலே அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்த குடும்பங்கள் உண்டு.

அதன் விளைவு குடிசன மதிப்பிலே தெளிவாகத் தெரிகிறது. இலங்கை முழுவதும் இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் 1946இல் 7,80,000 பேருக்கு மேல்; சனத்தொகையில் நூற்றுக்கு 11.7. 1971இல் 11,74,000 பேருக்கு மேல். 1981இல் 8,18,000க்குச் சற்று மேல், நூற்றுக்கு 5.5. 2012இல் 8,39,000க்குச் சற்று மேல், நூற்றுக்கு நாலளவு. நாடு வளர வளர ஒரு சமூகம் இவ்வாறு குறைந்ததற்கு நோயும் பஞ்சமும் பெருங்காரணமல்ல. 1974ஆம் ஆண்டையொட்டித் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தது உண்மையே. இடையிலே கப்பல் வந்துபோயிற்று. 1980களின் நடுப்பகுதி வரையில், பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றுவிட்டனர். எஞ்சியவருட் சிலர் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொள்ளலாயினர். அதுவும் கணக்கைக் குறைத்தது.

சென்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசு 1968இல் இவர்களுக்கென்றே நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிலே மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம், மறுபடியும் குளிர். இலங்கையிலே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்க்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. பாட்டன் ஊர் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்த துறையூருக்குச் சென்று பார்த்தவர்களுக்கு நிலமுமில்லை, உறவுமில்லை. அவர்கள் ஏக்கத்தோடு சொல்லும் ஊர்ப் பெயர்கள் இப்போது ஹற்றனும் தலவாக்கலையும்.

தங்கியவர்க்குச் சட்டம் மெல்ல இரங்கிற்று. 1988இலும், முடிவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையிலே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியாரும் இலங்கைப் பிரசைகளே என்பது அதன் சாரம். 1948ஐயும் 2003ஐயும் கழித்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தோட்டப் பள்ளி என்பது நீண்டகாலம் ஒரே கூடமும் ஒரே ஆசிரியருமாக இருந்தது. ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ். முதலாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நாலாம் வகுப்பு வரலாறு கேட்காது. பிள்ளை பத்து வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுவிட்டால் போதும், பதினொன்றிலே கொழுந்துக் கூடை தயாராயிருக்கும் என்பதே அப்பள்ளிகளை அமைத்தவர்களின் எண்ணம். 1940களிலே இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாடு நன்றியோடு நினைக்கிறது. அந்த நன்மை தோட்டத்தின் வேலியோரத்தில் நின்றுவிட்டது. 1970களின் பிற்பகுதியிலே தொடங்கித் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபின்பே உள்ளே நுழைந்தது. அந்த ஒரு தலைமுறைத் தாமதம் இன்றும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையாக நிற்கிறது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியராகி மீளுவது பெரும் ஆறுதல். கொழுந்துக்கூடை சுமந்த தாயின் மகள் அதே தோட்டத்துப் பள்ளியிலே கரும்பலகையின் முன் நிற்பதைக் காணுங்கால் லயத்திலே ஏற்படும் மாற்றத்தை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது.

நுவரெலியா பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுக் குறைந்த புள்ளிக்கும் இடம் பெறுகிறது. இதை அறிந்த சில வெளிமாவட்டத்துப் பெற்றோர், உயர்தரப் பரீட்சைக்காகவே பிள்ளைகளை இங்கே பதிவு செய்கின்றனர். பிள்ளையின் நலத்தைத் தேடுதல் பெற்றோர்க்கு இயல்பே. என்றாலும், லயத்து விளக்கிலே படித்தவனுக்கென்று ஒதுக்கிய ஆசனத்திலே நகரத்து ரியூட்டறியில் படித்தவன் அமர்வது சட்டத்துக்கு இசைந்தாலும் நியாயத்துக்கு இசையாது.

இன்று தோட்டத்திலே பேர் பதிபவர் தொகை குன்றிவருகிறது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றபின், அக்கம்பனிகளிலே பதிவு பெற்ற தொழிலாளர் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டனர். நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் நாட் சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி பாதை நடுவே கரைந்திருந்தது. இளைஞர் கொழும்புக் கடைகளிலும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் வேலை தேடுகின்றனர். லயத்திலே பாட்டியும் பேரப் பிள்ளைகளும் மிஞ்சுகின்றனர். ஆயினும் லயம் காலியாகவில்லை. தோட்டத்திலே வேலை செய்யாத குடும்பமும் அங்கேதான் குடியிருக்கிறது, போவதற்கு வேறிடமில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற பயமோ இன்னும் போகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டது தற்செயலன்று.

முகவரியும் அப்படியே. லயத்துக்குக் கடிதம் வந்தால் அது முதலிலே தோட்டத்து அலுவலகத்துக்கே போகும். அங்கிருந்து தோட்டத்துத் தபாற்காரர் கொண்டுவரவேண்டும். ஒரே தோட்டத்திலே ஒரே பெயரில் மூவர் இருந்தால் கடிதம் யாருக்கு? நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை நாள் கழிந்து கைக்கு வந்த கதை லயந்தோறும் உண்டு. பிரதேச சபைகளோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள்ளே நிதி செலவிட முடியாதிருந்தன. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர், அதே லயத்துப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் போட முடியாது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்பன தனிச் சபைகளாயின.

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் 2015இன் பின் உருப்பெறலாயிற்று. 2018இல் தோட்டப் பகுதிகளில் புதிய கிராமங்களை அமைக்கவென்றே ஓர் அதிகாரசபையைப் பாராளுமன்றம் சட்டமாக்கிற்று. இந்திய உதவியோடு கட்டப்படும் வீடுகளுள், முன்னர்க் கூறிய டன்சினன் தோட்டத்திலே 400க்கு மேற்பட்டவை அதே ஆண்டு கையளிக்கப்பட்டன. அவ்விடத்துக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயரிட்டனர். துரையின் ஸ்கொத்லாந்துக் குன்றிலே, முதன்முறையாக, புரம் என்று முடியும் ஒரு பெயர். தனித்தனிக் கூரை, தனித்தனிப் படலை, முற்றத்திலே இரண்டு பாத்தி கோவா. ஆனால் மலைநாட்டிலே கட்டிய வீடுகளின் தொகையும், இன்னும் லயத்திலே இருப்போர் தொகையும் ஒன்றுக்கொன்று எட்டாத் தூரத்திலே இருக்கின்றன. புது வீடு பெற்றோரிலும் பலர்க்கு வீட்டின் திறப்பு கைக்கு வந்த வேகத்திலே காணியின் உறுதி வரவில்லை. அண்டை மாவட்டமாகிய பதுளையிலே, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபரில் மண்சரிவு மூடியபோது, எவ்விடத்திலே வீடு கட்டுவது என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்துகொண்டது. தேயிலைக்கு உதவாதென்று தோட்டம் விட்டுக்கொடுக்கும் நிலம் வீட்டுக்கு உதவுமா என்று மண்ணியல் அறிந்தவர் பார்க்கவேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர் கொழும்பிலிருந்து ஹற்றனுக்கு வரும் பஸ்களிலே நிற்பதற்கும் இடமிராது. மலைநாட்டு இளைஞர் பட்டாளம் கையிலே சேலைப் பொட்டலமும் பிள்ளைகளுக்குப் பட்டாசுமாக வந்து இறங்கும். “எந்த ஊரு தம்பி?” என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால், முன்னெல்லாம் பையன் சற்றுத் தயங்கி, “ஹற்றன்” என்று பட்டினத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வான், பொகவந்தலாவையாயினும் சாமிமலையாயினும் அவனுக்கு ஊர் ஹற்றனே. தோட்டத்தின் பெயரைச் சொல்ல நாணம். இப்போது சிலர் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறார்கள்.